சுழலும் தட்டும் சுழலாச் சில்லும்

கணினி வாங்கச் செல்லும் ஒருவரிடம் கடைக்காரர் இன்று கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "ஹார்ட் டிஸ்க் போதுமா, எஸ்.எஸ்.டி. வேண்டுமா?" என்பது. முன்னையது வன்தட்டு, காந்தப் பூச்சுப் பூசிய தட்டுகள் உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் பெட்டி. பின்னையது திண்மநிலை நினைவகம்; அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லாத சிலிக்கன் சில்லுகளின் தொகுதி. வாங்குபவர் பெரும்பாலும் கையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்த்து விடை சொல்லிவிடுகிறார். ஆயினும் அந்த ஒரு சொல் விடையிலே, திருமணப் படங்களும் கடைக் கணக்கும் பிள்ளைகளின் பாடக்குறிப்புகளும் எங்கே, எவ்வளவு காலம் தங்கும் என்பது பெரிதும் முடிவாகிவிடுகின்றது. ஒன்று பழையது, மற்றது புதியது என்று இவ்விரண்டையும் பிரித்துவிடுவது எளிது. வரலாறு அவற்றை அப்படிப் பிரிக்கவில்லை.

1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே கணிப்பொறிகளுக்கு வேண்டிய விவரங்கள் பெரும்பாலும் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் வைக்கப்பட்டன. வானொலி நிலையத்து ஒலிப்பதிவு நாடாவை அறிந்தவர்களுக்கு அதன் குறை உடனே விளங்கும். நடுவிலே உள்ள பாட்டு வேண்டுமாயின், முன்னுள்ள பாட்டுக்களையெல்லாம் சுற்றித் தள்ளிய பின்னரே அதனை அடையலாம். அட்டைக் கட்டுகளின் நிலையும் அதுவே. ஆகவே பண்டகசாலை ஒன்றிலே பகல் முழுவதும் விற்ற பொருள்களின் கணக்கு மாலைவரை குவிந்து, வரிசைப்படுத்தப்பட்டு, பின்னரே இயந்திரத்தில் ஏறியது. "இந்தப் பொருள் இப்பொழுது எத்தனை இருக்கின்றது?" என்று நண்பகலிலே கேட்டவருக்கு நேற்றைய விடையே கிடைத்தது.

இந்தக் குறையைத் தீர்க்கும் பணி ஐ.பி.எம். நிறுவனத்தில் ரெய்னோல்ட் ஜோன்சன் என்பவரிடம் வந்து சேர்ந்தது. அவர் முன்னர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே பாடசாலை ஆசிரியராக இருந்தவர். மாணவர் பென்சிலாற் குறித்த விடைகளைத் தாமே எண்ணிப் புள்ளியிடும் பொறியை உருவாக்கியதனால் அந்நிறுவனத்துக்குள் வந்தவர். 1952ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவின் சான் ஹொசே நகரில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தை அமைத்து நடத்தும்படி அவர் அனுப்பப்பட்டார். நாடாவை நீட்டிச் சுற்றுவதற்குப் பதிலாக, கிராமபோன் இசைத்தட்டைப் போன்ற வட்டத் தட்டுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, வேண்டிய தட்டின் வேண்டிய வட்டத்துக்குக் காந்தமுனையை நேராகக் கொண்டுசெல்லலாம் என்பதே அங்கு முதிர்ந்த எண்ணம். இசைத்தட்டிலே பாட்டின் நடுவில் ஊசியை எடுத்து வைக்கும் எவரும் செய்வது அதுதான்.

எண்ணம் எளிதாயினும் செய்கை எளிதாயிருக்கவில்லை. அலுமினியத் தட்டின்மேல் இரும்பு ஒட்சைட்டுப் பூச்சைச் சீராகப் பரப்புவதே பெருந்தொல்லையாயிற்று. அப்பூச்சு சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேற் பாலத்துக்குப் பூசிய செந்நிறச் சாயத்தின் இனத்தைச் சேர்ந்தது என்று சொல்வர். அதிலுள்ள கட்டிகளை நீக்குவதற்குப் பெண்கள் அணியும் மெல்லிய காலுறையால் வடித்தனர். வடித்ததைக் கடதாசிக் குவளையில் எடுத்துச் சுழலும் தட்டின் நடுவிலே ஊற்றினர். சுழற்சியின் வேகம் அதனை ஓரம்வரை பரப்பிவிட்டது. சமையலறைக்கு அடுத்த வீட்டிலே நடந்ததுபோன்ற இந்த வேலையிலிருந்துதான் பிற்காலத்துப் பேரளவுத் தொழிலொன்று எழுந்தது.

1956ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே ஐ.பி.எம். 305 ராமக் என்னும் கணிப்பொறி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் தட்டுப்பெட்டியிலே 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. பெட்டியின் நிறை ஒரு தொன்னுக்கு மேல். அவ்வளவு பெரிய பெட்டி கொண்டது 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே. எண்பது எழுத்துக் கொள்ளும் துளை அட்டைகளிலே சொல்வதாயின் 62,500 அட்டைகள். காந்தமுனைகளைத் தாங்கிய கரம் தட்டடுக்கின் மேலும் கீழும் ஓடி, தட்டுகளின் இடையே புகுந்து, கேட்டதை எடுத்துவர அரை வினாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரம் சென்றது. முழுத் தொகுதிக்கும் மாத வாடகை 3,200 டொலர். இன்றைய கண்ணுக்கு இவையெல்லாம் நகைப்பை ஊட்டலாம். ஆனால் நண்பகலிலே கேட்டவருக்கு நண்பகலின் விடையே கிடைத்தது. அதற்காக வாடகை கொடுக்க ஆள்கள் இருந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ராமக் பொறிகள் செய்யப்பட்டன. 1958இல் பிரசல்ஸ் நகரத்து உலகக் கண்காட்சியிலே ராமக் ஒன்று வரலாற்று வினாக்களுக்குப் பத்து மொழிகளில் விடையளித்து மக்களை வியக்கவைத்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். சுழலும் தட்டு பிறந்தபோது, சுழலா நினைவும் உலகிலே இருந்தது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் வேர்ள்விண்ட் கணிப்பொறியிலே 1953ஆம் ஆண்டளவில் சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கம்பிகளிற் கோத்த நினைவகம் பொருத்தப்பட்டிருந்தது. மணிகோப்பதுபோல வளையங்களைக் கையினாற் கோக்கவேண்டியிருந்தது. வளையம் ஒன்று ஒரு பிற்றை மட்டுமே தாங்கியது. அசையும் உறுப்பு அதில் இல்லை. தட்டிலும் பன்மடங்கு விரைவாக அது விடை கொடுத்தது. ஆனால் அதன் விலையிலே 50 இலட்சம் எழுத்துகளை வைத்துக் காக்க எவராலும் இயலாது. ஆகவே, உடனுக்குடன் வேண்டிய சிறிதளவு விரைவான நினைவிலும், குவித்து வைக்கவேண்டிய பேரளவு தட்டிலும் என்ற பிரிவினை அன்றே ஏற்பட்டுவிட்டது. பின்வந்த காலமெல்லாம் அப்பிரிவினையின் எல்லைக்கோடு அங்குமிங்கும் நகர்ந்த கதையே.

அடுத்த கால் நூற்றாண்டிலே தட்டு வேகமாகச் சுருங்கியது. முனை தட்டைத் தொடாமல் மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் மிதக்கக் கற்றுக்கொண்டது. 1980இல் ஷுகார்ட் தொழில்நுட்பம் என்ற பெயரோடு தொடங்கிப் பின்னர் சீகேற் என்றான நிறுவனம், ஐந்தேகால் அங்குலத் தட்டுடைய வன்தட்டொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கொள்ளளவு 5 மெகாபைற்று. ஏறத்தாழ ராமக்கின் அளவே. 24 ஆண்டுகளுக்கு முன் பாரந்தூக்கியால் ஏற்றவேண்டியிருந்தது, இப்பொழுது ஒருவர் கையிலே அடங்கிற்று. அதன் விலை 1,500 டொலர்.

அதே காலத்திலே, ஓசையின்றி, மற்றொரு வழியும் திறந்துகொண்டிருந்தது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே டாவோன் காங், சைமன் சே என்ற இருவர், நாற்புறமும் மின்னைக் கடத்தாத படலத்தால் மூடப்பட்ட நுண்ணிய கடத்தித் தீவொன்றிலே இலத்திரன்களைச் சிறைவைக்கலாம் எனக் கண்டனர். உள்ளே இலத்திரன் இருந்தால் ஒரு குறி. இல்லையேல் மற்றொரு குறி. மின்சாரத்தை நிறுத்தினாலும் சிறைப்பட்டவை அங்கேயே தங்கும். மதிய உணவின்பின் உண்ட பல அடுக்குப் பாற்கட்டிக் கேக்கைக் கண்டபோதே படலங்களை இவ்வாறு அடுக்கும் எண்ணம் பிறந்ததெனச் சே பிற்காலத்திற் கூறினார். ஆனால் அத்தகைய நினைவை அழித்து மீண்டும் எழுதுவது நெடுநாள் தொல்லையாகவே இருந்தது. 1971இல் வந்த ஒருவகைச் சில்லை அழிப்பதற்கு அதனைக் கழற்றி, புறவூதாக் கதிர் விளக்கின்கீழ் நிமிடக்கணக்கில் வைக்கவேண்டியிருந்தது.

அத்தொல்லையைத் தீர்த்தவர் யப்பானியரான புஜியோ மசுவோக்கா. தொசிபா நிறுவனத்திலே பணியாற்றிய அவர், நினைவறைகளை ஒவ்வொன்றாக அழிக்காமல் ஒரு தொகுதியை ஒரே கணத்தில் அழித்துவிடும் முறையை வகுத்தார். படப்பிடிப்புக் கருவியின் மின்னல் விளக்கைப்போலக் கணத்திலே நடப்பதால் இதற்கு 'பிளாஷ்' என்று பெயரிடலாமே என்று உடன் பணியாற்றிய ஷோஜி அரிஸூமி கூறினார், அப்பெயரே நிலைத்தது. 1984இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிலே முதல் வகையையும், 1987இல் அதனினும் நெருக்கமாக அடுக்கக்கூடிய 'நான்ட்' வகையையும் மசுவோக்கா வெளியிட்டார். இன்று எஸ்.எஸ்.டி. பெட்டிகளிலும் கைபேசிகளிலும் இருப்பது அந்த இரண்டாம் வகையின் வழித்தோன்றலே. தொசிபாவோ அக்காலத்தில் இதன் பெறுமதியை முழுதும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. 1988இல் முதல் வகையை வாணிகப் பொருளாக்கி முன்னே சென்றது அமெரிக்க இன்டெல் நிறுவனம். 1994இல் மசுவோக்கா தொசிபாவை விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். தமது கண்டுபிடிப்புக்குத் தக்க ஊதியம் கிடைக்கவில்லை என்று 2004இல் வழக்குத் தொடுத்தார். நூறு கோடி யென் கேட்ட அவ்வழக்கு 2006இல் 8 கோடி 70 இலட்சம் யென்னுக்கு இணக்கமாக முடிந்தது.

அவர் சென்று சேர்ந்த பல்கலைக்கழகம் செண்டாய் நகரிலுள்ள தொஹோக்குப் பல்கலைக்கழகம். அவர் முன்பு மாணவராகக் கற்றதும் அங்கேதான். அதே பல்கலைக்கழகத்திலே சுனிச்சி இவாசாக்கி என்ற பேராசிரியர் 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், வன்தட்டைப் பற்றியதொரு கருத்தை முன்வைத்திருந்தார். தட்டிலுள்ள காந்தத் துகள்கள் அதுவரை படுத்த நிலையிலேயே எழுதப்பட்டுவந்தன. பாயிலே படுத்திருப்பவர்களைக் காட்டிலும் நின்றிருப்பவர்கள் குறைந்த இடத்தில் அடங்குவர் அல்லவா? அதுபோலக் காந்தப் புள்ளிகளைச் செங்குத்தாக நிறுத்தினால் அதே தட்டிலே மேலும் பல பிற்றுகளை அடைக்கலாம் என்றார் இவாசாக்கி. கருத்துச் சரியானதே. ஆனால் படுத்த முறையே ஆண்டுதோறும் முன்னேறிக்கொண்டிருந்தபடியால், அதனைக் கைவிட்டுப் புதுவழி செல்லத் தொழிலதிபர்களுக்கு அவசரம் இருக்கவில்லை. 2005ஆம் ஆண்டிலேதான் செங்குத்துமுறை வன்தட்டு முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. அதனைக் கொண்டுவந்த நிறுவனம் தொசிபா. சுழலாச் சில்லின் தந்தையும், சுழலும் தட்டுக்கு இரண்டாம் ஆயுள் கொடுத்தவரும் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். இருவர் எண்ணமும் ஒரே நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்தன. இதனைத் தற்செயல் என்றே கொள்ளலாம். ஆயினும் இவ்விரு நுட்பங்களையும் பகைவர்களாகச் சித்திரிப்பவர்கள் செண்டாய் நகரை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று.

வன்தட்டுக்கு வேறு உதவிகளும் கிடைத்தன. 1988இல் பிரான்சிலே அல்பேர் பேர்ட், ஜேர்மனியிலே பீற்றர் குருன்பேர்க் ஆகியோர் தனித்தனியே கண்ட ஒரு காந்த விளைவு, மிக நலிந்த காந்தப் புள்ளியையும் உணரும் முனைகளுக்கு வழிவகுத்தது. 1997இல் அது வன்தட்டிற் புகுந்தது. 2007இல் இருவருக்கும் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டிலே ஒரு தெராபைற்றுக் கொள்ளும் வன்தட்டும் கடைக்கு வந்தது. இத்தகைய ஓட்டத்தின் முன்னே பிளாஷ் நினைவு பின்தங்கியே நின்றது. 1991இல் சண்டிஸ்க் என்ற பெயரிலிருந்த அமெரிக்க நிறுவனம் ஐ.பி.எம். மடிக்கணினிக்கென 20 மெகாபைற்றுத் திண்மநிலைப் பெட்டியொன்றைச் செய்து கொடுத்தபோது, அதன் விலை ஏறத்தாழ 1,000 டொலர்.

எல்லைக்கோடு நகர்ந்தது சிறிய பொருள்களிலிருந்து. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபொட் மினி என்னும் இசைப்பெட்டியிலே ஓர் அங்குல வன்தட்டு இருந்தது. 2005 செப்டெம்பரில் அதன் இடத்துக்கு வந்த நானோவிலே பிளாஷ் சில்லு இருந்தது. சில ஆயிரம் பாட்டுக்களுக்குமேல் வேண்டாதவர்க்குத் தட்டு தேவையற்றதாயிற்று. 2008 ஜனவரியில் அதே நிறுவனம் மக்புக் எயர் என்ற மெல்லிய மடிக்கணினியை வெளியிட்டபோது, கடைக்காரரின் இன்றைய கேள்வி முழு உருவோடு மக்கள்முன் வந்து நின்றது. 80 கிகாபைற்று வன்தட்டோடு அதன் விலை 1,799 டொலர். வன்தட்டை நீக்கி 64 கிகாபைற்றுத் திண்மநிலை நினைவகத்தைப் பொருத்துவதாயின் மேலும் 999 டொலர். குறைந்த இடத்துக்குக் கூடிய விலை! எதற்காக ஒருவர் அதனைக் கொடுத்திருப்பார்?

விடை நேரக் கணக்கிலே உள்ளது. மேசைக் கணினிகளுக்குரிய வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றது. ஒரு சுற்றுக்கு வினாடியின் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. முனை தனக்குரிய வட்டத்துக்குச் செல்ல ஏறத்தாழ அவ்வளவு நேரம். அதன்பின் வேண்டிய இடம் சுழன்று முனைக்குக் கீழே வர, சராசரியாக அரைச்சுற்று. இவ்வாறு ஓரிடத்திலிருந்து எடுக்க ஆயிரத்திற் பன்னிரண்டு பங்கு செல்லுமானால், வினாடிக்கு எண்பது இடங்களையே தொடலாம். பிளாஷ் சில்லுக்குச் செல்லவேண்டிய இடம் என்று ஒன்றில்லை. பத்தாயிரத்தில் ஒரு வினாடிக்குள் விடை வந்துவிடும். கணினி விழித்தெழும்போது அது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைச் சிதறிய இடங்களிலிருந்து திரட்டவேண்டும். வன்தட்டுக் கணினியைத் திறந்துவிட்டுத் தேநீர் அருந்தப் போனவர்கள் காத்திருந்தது முனையின் ஓட்டத்துக்காகவே. ஆனால் திரைப்படம் ஒன்றைத் தொடர்ச்சியாக வாசிப்பதற்கு இந்த ஓட்டம் வேண்டியதில்லை. முனை ஓரிடத்திலே நிற்க, தட்டு தானே படத்தை ஊட்டும். படம் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தோன்றாது. பழைய கணினியைக் குப்பையிலே போட எண்ணிய பலர், வன்தட்டை மட்டும் எஸ்.எஸ்.டி.யாக மாற்றி மேலும் சில ஆண்டுகள் அதனைப் பயன்படுத்தியதன் காரணமும் இதுதான்.

இடையிலே இயற்கையும் ஒரு பங்கு கொண்டது. 2011ஆம் ஆண்டு இறுதியில் தாய்லாந்தைப் பெருவெள்ளம் மூடியது. உலகின் வன்தட்டுகளிற் பெரும்பங்கு அந்நாட்டிலே பொருத்தப்பட்டுவந்தது. வெஸ்டேர்ண் டிஜிற்றல் நிறுவனத்தின் தொழிற்சாலைகள் நீரில் நின்றன. சில வாரங்களுக்குள் உலகெங்கும் வன்தட்டு விலை ஏறிற்று. அதுவரை விலையொன்றையே காரணமாகக் கொண்டு தட்டைத் தேர்ந்தவர்கள், அப்பொழுதுதான் சில்லின் விலையையும் விசாரித்தனர்.

ஆனால் சில்லும் குறையற்றதன்று. பிளாஷ் நினைவிலே ஒரு சொல்லை அழித்து அதே இடத்தில் மற்றொன்றை எழுத முடியாது. சிலேட்டிலே ஓரெழுத்தை மாற்றுவதற்குச் சிலேட்டு முழுவதையும் துடைப்பதுபோல, ஒரு தொகுதி முழுவதையும் அழித்தாகவேண்டும். துடைக்குந்தோறும் இலத்திரன்களைச் சிறைவைத்த படலம் சற்றே தேய்கின்றது. விலையைக் குறைப்பதற்காக, ஓர் அறையில் ஒரு பிற்று என்றிருந்ததை இரண்டு, மூன்று, நான்கு என்று பெருக்கினர். நான்கு பிற்று வைக்கவேண்டுமாயின் அவ்வறையிலே பதினாறு மின்னளவுகளைப் பிரித்தறியவேண்டும். படலம் தேயத்தேய அது கடினமாகும். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் பெட்டியிற் கிடந்தால், சிறைப்பட்ட இலத்திரன்கள் மெல்ல மெல்லக் கசிந்துவிடவும் கூடும். வன்தட்டு சாகுமுன் பலவேளை முனகும், கடகடக்கும். உடையவர் அஞ்சிப் படியெடுத்துக்கொள்ள ஒரு தவணை கொடுக்கும். சில்லோ பலவேளை முதல்நாள் மாலை நன்றாயிருந்து மறுநாட் காலை மௌனமாகிவிடும். அழித்த கோப்பை மீட்பதும் அதிலே பெரும்பாலும் அரிது. மறுபுறத்திலே, மேசையிலிருந்து விழுந்த மடிக்கணினியிலே முதலிற் பலியாவது வன்தட்டே. சில்லுக்கு வீழ்ச்சி ஒரு பொருட்டன்று. இரண்டிலொன்று நம்பிக்கைக்குரியது, மற்றது அன்று என்று சொல்பவர் இரண்டையும் அறியாதவர்.

இரண்டையும் ஒரு கூரையின்கீழ் வைத்து நடத்த முயன்ற நிறுவனங்களின் கதையும் கேட்கத் தக்கது. அணுமின் துறையிலே பெருநட்டமடைந்த தொசிபா, தான் பெற்ற பிளாஷ் தொழிலையே 2018இல் பிறருக்கு விற்றது. அது 2019 முதல் கியோக்சியா என்ற பெயரில் நடக்கின்றது. நினைவு என்னும் பொருளுடைய யப்பானியச் சொல்லையும், பெறுமதி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் இணைத்து ஆக்கிய பெயர் அது. சில்லை விற்ற தொசிபா வன்தட்டுத் தொழிலைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. வெஸ்டேர்ண் டிஜிற்றல் 2016இலே சான்டிஸ்கைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. 2025 பெப்ரவரியிலே அதனை மீண்டும் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. மடிக்கணினியில் எல்லைக்கோடு தட்டைக் கடந்து முற்றாகவே சென்றுவிட்டது. புதிதாக விற்கப்படுவனவற்றிலே வன்தட்டைக் காண்பது அரிது. ஆயினும் மக்கள் கைபேசியிலிருந்து அனுப்பும் படங்கள் சென்று சேரும் பெருந்தரவு நிலையங்களிலே, பேரளவுக் குவியல் இன்னும் தட்டுகளிலேயே சுழல்கின்றது. அதே கொள்ளளவுக்கு அங்கே தட்டின் விலை சில்லினும் பன்மடங்கு குறைவு. 2024இலே சீகேற் நிறுவனம், எழுதும் புள்ளியை லேசர் கதிரால் ஒரு கணம் சூடாக்கி 30 தெராபைற்றுக்கு மேல் அடைக்கும் வன்தட்டை அறிவித்தது. வீட்டிலே இரண்டையும் வைத்திருப்பவர், அன்றாடம் திறக்கும் கோப்புகளைச் சில்லிலும் ஆண்டுக்கொருமுறை பார்க்கும் படங்களைத் தட்டிலும் வைத்து, தட்டிலுள்ளதற்கு வேறோரிடத்திலே இன்னொரு படியும் எடுத்துவைப்பாராயின், அவர் செய்வது 1953ஆம் ஆண்டின் காந்த வளையமும் 1956ஆம் ஆண்டின் ராமக்கும் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட அதே வேலைதான்.

ராமக் பொறிகளிற் பெரும்பாலானவை உடைத்து இரும்பாக விற்கப்பட்டன. எஞ்சிய ஒரு தட்டடுக்கைக் கலிபோர்ணியாவிலே ஆர்வலர் சிலர் 2002ஆம் ஆண்டு முதல் பழுதுபார்க்கத் தொடங்கினர். இப்பொழுது அது மவுன்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அரை நூற்றாண்டளவு மின்சாரமின்றிக் கிடந்த அந்தச் செந்நிறப் பூச்சின்மேல் முனையைக் கொண்டுசென்றபோது, அக்காலத்திலே எழுதிய எழுத்துகள் வாசிக்கக் கிடைத்தன.